அன்னைக்கு பால் எடுக்குறது சிமோன் முறை

'மிஸியே லசார்'ங்கற கனடா நாட்டு பிரெஞ்சுப் படத்தப் பத்தி யார் எழுதினாலும் மென்மைங்கற வார்த்தை வந்து நின்னுருது. மென்மையான படம், அடக்கமான படம், அழுகைய பிழிஞ்சு எடுக்காத படம். 2011-ல வந்ததுல இருந்து இதப்பத்தின விமர்சனங்கள தேடித் தேடி படிச்சுட்டு இருக்கேன், படத்த மூணு தடவை பாத்துட்டேன், மூணு தடவையும் எனக்கு அது கோவமான படமாத்தான் பட்டுச்சு. அந்தக் கோவம் யார் மேலங்கறத சொல்றதுதான் கஷ்டம், அதனாலதான் இத்தன நாளா எழுதாம தள்ளிப்போட்டுட்டு வந்தேன்.

கதைய முடிவு வரைக்கும் சொல்லப்போறேன், பாத்துட்டு வந்து படிக்கணும்னு நெனைக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

கனடாவுல கியூபெக் மாகாணம், மாண்ட்ரியல் நகரம், குளிர்காலம். ஸ்கூல் மைதானம் முழுக்க பனி, பிள்ளைங்க கனமான கோட்டுக்குள்ள பொதிஞ்சு ஓடிட்டு இருக்குதுங்க. பதினொண்ணு பன்னெண்டு வயசு வகுப்பு. வகுப்புக்கு பால் எடுத்துட்டுப் போறது அன்னைக்கு சிமோன்ங்கற பையனோட முறை. மத்தவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி அவன் மட்டும் போறான், கதவு பூட்டிருக்கு, கதவுல இருக்கற கண்ணாடி வழியா எட்டிப் பாக்கறான். உள்ள அவங்க மார்ட்டீன் டீச்சர், உயிரோட இல்ல, அவங்களே முடிச்சுக்கிட்டாங்க. நம்மள அந்த ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போகாம கேமரா நடைபாதையிலயே நிக்குது, பையன் ஓடறான், கொஞ்ச நேரத்துல பிள்ளைங்க சத்தம் கேக்குது, ஒரு டீச்சர் பதறியடிச்சு எல்லாத்தையும் வெளிய தள்ளறாங்க, அந்தக் களேபரத்துல ஆலிஸ்னு ஒரு பொண்ணு மட்டும் பாத்துடறா. அத்தன பேர்ல பாத்தது இவங்க ரெண்டே பேரு.

ஸ்கூல்ல என்ன பண்றாங்கன்னா, அந்த ரூமுக்கு பெயின்ட் அடிக்கிறாங்க. சைக்காலஜிஸ்ட் ஒருத்தர வரவழைக்கிறாங்க. பாடம் எடுக்கத்தான் ஆள் கிடைக்கல. அப்பதான் பேப்பர்ல செய்திய படிச்சுட்டு பஷீர் லசார்னு ஒருத்தர் ஹெட்மிஸ்ட்ரஸ பாக்க வர்றாரு. அல்ஜீரியாக்காரர், அங்க வாத்தியாரா இருந்தேன்னு சொல்றாரு. அது பொய். வாத்தியாரா இருந்தது அவரு மனைவி. ஊர்ல அரசியலப் பத்தி துணிஞ்சு ஒரு புத்தகம் எழுதுனவங்க, அதுக்காகவே வீட்டுக்கு தீ வச்சதுல அவங்களும் பிள்ளைங்களும் செத்துப் போயிட்டாங்க. இவரு கனடாவுல அகதி அந்தஸ்து கேட்டு கேஸ் நடத்திட்டு இருக்கறவரு. செத்துப்போன மனைவியோட வேலைய, செத்துப்போன இன்னொரு டீச்சரோட வகுப்புல, லைசன்ஸ் எதுவும் இல்லாம பாக்கறாரு. இது வகுப்புல யாருக்கும் தெரியாது. பிள்ளைங்களும் துக்கத்துல இருக்குதுங்க, அவரும் துக்கத்துல இருக்காரு, நடுவுல ஒரு டிக்டேஷன் நோட்டு.

படத்த எடுத்தது ஃபிலிப் ஃபலார்டோ. மூலம் எவ்லின் த லா ஷெனலியேர் எழுதுன நாடகம். அது ஒத்த ஆள் நாடகம், மேடையில பஷீர் மட்டும்தான், பிள்ளைங்க கெடையாது. படத்துலதான் பிள்ளைங்களுக்கு முகம் வந்துச்சு. எனக்கு இது பெரிய விஷயமா பட்டுச்சு, ஏன்னா நிறைய விமர்சனத்துல பஷீர் பாத்திரத்தப் பத்தி பக்கம் பக்கமா எழுதிட்டு பிள்ளைங்கள நல்லா நடிச்சிருக்காங்கன்னு ஒரு வரியில முடிச்சுடறாங்க. நாடகத்துக்கு அது சரியா இருந்திருக்கும். படம் அப்படி இல்ல, படத்தோட பாதி எடை அந்த ரெண்டு பிள்ளைங்க தோள்லதான் இருக்கு. நாடகம் எழுதுன அந்த அம்மாவே படத்துல ஆலிஸோட அம்மாவா வந்துட்டுப் போறாங்க.

வரவேற்பு பெருசா இருந்துச்சு. 2011 ஆகஸ்ட்ல சுவிட்சர்லாந்துல நடக்கற லொகார்னோ பட விழாவுல பார்வையாளர் விருது, அடுத்த மாசமே டொரண்டோவுல சிறந்த கனடா படம், அப்பறம் கனடாவோட ஜெனி விருதுகள்ல படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, நடிகர்னு ஆறு. ஆலிஸா நடிச்ச சோஃபி நெலிஸுக்கும் துணை நடிகை விருது கெடச்சுது, சின்னப் பொண்ணு. 2012 ஆஸ்கர்ல வெளிநாட்டு மொழிப் பட வரிசையில கடைசி அஞ்சுல ஒண்ணா நின்னுச்சு, ஜெயிச்சது ஈரானோட 'எ செபரேஷன்'. அந்த வருஷம் அந்தப் படம் எதிர்ல நின்னா யாரா இருந்தாலும் தோத்துருப்பாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. இதுக்கு முந்தின வருஷம் இதே தயாரிப்பாளர்கள் எடுத்த 'இன்சென்டீஸ்' அதே பட்டியல்ல இருந்துச்சு, அதுவும் போர்ல இருந்து தப்பிச்சு கியூபெக்குக்கு வந்த ஒருத்தரோட கதைதான்.

பஷீரா நடிச்ச ஃபெலாக் அல்ஜீரியாவுல பேர்பெத்த மேடை காமெடியன், 90-கள்ல அங்க உள்நாட்டுப் போர் நடந்தப்ப நாட்ட விட்டுக் கெளம்புனவரு. பாராட்டி எழுதுன எல்லாரும் அவரோட அடக்கத்த சொல்றாங்க. சரிதான். ஆனா அந்த அடக்கத்துக்குப் பின்னாடி சிரிக்க வைக்கத் தெரிஞ்ச ஆளோட நேரக்கணக்கு இருக்கு, அத கவனிங்க. மொத நாள் வகுப்புல அரைவட்டமா போட்டிருந்த மேசைய எல்லாம் நேர் வரிசையா மாத்தச் சொல்றாரு, பால்சாக்குன்னு ஒரு பழைய பிரெஞ்சு எழுத்தாளரோட நாவல்ல இருந்து ஒரு பத்திய டிக்டேஷன் குடுக்கறாரு, பிள்ளைங்க பேனாவ கீழ வச்சுட்டு முழிக்குதுங்க, அந்தக் காலத்து பிரெஞ்சு அதுங்களுக்கு அவ்வளவு தூரத்துல இருக்கு. இலக்கணப் பேரு சொன்னா இப்ப அதுக்கு வேற பேரு சார்னு அதுங்களே திருத்துதுங்க. அந்தக் காட்சியில நான் நல்லா சிரிச்சேன். நம்ம ஊர்ல டெப்யூட்டேஷன்ல வர்ற வயசான வாத்தியார் எப்படி இருப்பாரோ அப்படியே இருந்துச்சு.

சரி, குறை சொன்னவங்க என்ன சொன்னாங்கன்னு பாப்போம், எனக்கு அவங்கதான் முக்கியம். ரொம்ப விஷயத்த ஒரே படத்துல அடைச்சுட்டாங்க, அகதி கேஸ், கல்வி முறை, தற்கொலை, எல்லாம் தொட்டு தொட்டுட்டுப் போகுதுன்னு ஒரு குறை. இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. கூட வேலை பாக்கற க்ளேர் டீச்சர் பஷீர வீட்டுக்கு சாப்பிட கூப்பிடற பகுதி எனக்கும் ஒட்டவே இல்ல. வெளிநாட்டுல இருந்து வந்த நல்லவர் வெள்ளைக்காரப் பிள்ளைங்க மனசுக்கு மருந்து போடறாருங்கற வசதியான கதைன்னு இன்னொரு குறை. இத என்னால ஒத்துக்க முடியல. பஷீர் யாருக்கும் மருந்து போடல, அவரு தப்பு தப்பா பண்றாரு. வகுப்புல ஒரு பையன் மண்டையில லேசா தட்டிடறாரு, பொய் சொல்லி வேலைக்கு வந்துருக்காரு, அந்த அறையில நடந்தத பேசுனா ஆகாதுன்னு எல்லாரும் சொல்லியும் கேக்காம பேசறாரு, கடைசியில வேலையும் போயிருது.

அகதி கேஸ் விசாரணை வர்ற காட்சிகளப் பத்தி நம்ம ஆளுங்க நிறைய பேசணும்னு நெனைக்கிறேன். 2010 ஆகஸ்ட்ல எம்.வி. சன் சீ கப்பல்ல 492 இலங்கைத் தமிழர்கள் அகதியா கனடா கரைக்கு வந்து சேந்தப்ப அந்த நாடே ரெண்டா பிரிஞ்சு சண்ட போட்டுச்சு, அடுத்த வருஷம் அதே நாட்டுல இருந்து இந்தப் படம் வருது. மாண்ட்ரியல்ல இருக்கற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க, எனக்கு நல்ல பழக்கம், அவங்க படத்துல அந்தக் காட்சிய மட்டும் ரெண்டு தடவை பாத்தாங்களாம். "செத்த சனத்துக்குக்கூட பேப்பர் காட்டவேணும் தங்கச்சி, தேதி மாறிச்செண்டா நீர் பொய் சொல்லுறீர் எண்டுவினம்"னு சொன்னாங்க. பொய் சொல்லி வாத்தியாரான ஒருத்தரு விசாரணை ரூம்ல உக்காந்து உண்மைய நிரூபிக்கப் போராடுறாரு. அத மென்மைன்னு சொல்லிட்டுப் போறது எனக்கு சரியாப் படல.

எனக்கு முக்கியமா படற குறை வேற ஒண்ணு. பிள்ளைங்க மேல பாசமா இருந்த ஒரு டீச்சர், பிள்ளைங்க வந்து பாக்கற இடத்துல, அதுவும் சொந்த வகுப்புலயே ஏன் அப்படி செஞ்சாங்க? படம் இதுக்கு பதில் சொல்லவே இல்ல, மார்ட்டீனப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியல, கதைய ஆரம்பிக்க ஒரு சாவு தேவைப்பட்டுச்சு அதனால வச்சுக்கிட்டாங்க, நம்ப முடியல. இந்தக் குறைய படிச்சப்ப எனக்கு மொத்தமா வேற ஒரு நாளு ஞாபகம் வந்துருச்சு.

நான் எட்டாவது படிக்கறப்ப எங்க சயின்ஸ் டீச்சர் இறந்துட்டாங்க. சின்ன ஊரு, பசங்க பொண்ணுங்க சேந்து படிக்கற ஸ்கூலு, பேரு வேணாம். அவங்க வீட்லதான் அது நடந்துச்சு, திங்கக்கிழமை காலையில ப்ரேயர்ல ஒரு நிமிஷம் எழுந்து நின்னு தலைய குனிஞ்சோம், அரை நாள் லீவு விட்டாங்க. எப்படி இறந்தாங்கன்னு யாரும் சொல்லல. மாரடைப்புன்னு ஒரு சார் சொன்னாரு, வாட்ச்மேன் வேற சொன்னாரு, வீட்ல கேட்டா அம்மா "வாய மூடு"ன்னாங்க. புதன்கிழமை புது டீச்சர் வந்து அதே பாடத்த விட்ட பக்கத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. அவங்க மேல தப்பு சொல்லல, அவங்களுக்கும் அப்படித்தான் சொல்லிருப்பாங்க, பிள்ளைங்க முன்னாடி பேச்ச எடுக்காதீங்கன்னு.

ஒரு வாரம் கழிச்சு மாதத் தேர்வு பேப்பர் வந்துச்சு. டீச்சர் திருத்தறதுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தது, அவங்க வீட்ல இருந்து யாரோ ஸ்கூல்ல கொண்டாந்து குடுத்துட்டாங்க போல. வெள்ளை நூல் கட்டு அப்படியே இருந்துச்சு. அட்டெண்டன்ஸ் வரிசைப்படி பசங்க பேப்பர் மேல, பொண்ணுங்க பேப்பர் கீழ. புது டீச்சர் ஒண்ணும் சொல்லாம வரிசையா குடுத்துட்டே வந்தாங்க. மொத பதினெட்டு பேப்பர்ல செவப்பு மார்க்கு, மூலையில வட்டம் போட்டு மொத்தம், கீழ அவங்க சுழிச்சு போடற கையெழுத்து. பத்தொம்பதாவது பேப்பர் பின் பெஞ்சுல உக்கார்ற ஒரு பையனோடது. அதுல மூணாவது கேள்வி, பூவின் படம் வரைந்து பாகங்களைக் குறி. புல்லி வட்டத்துக்கு ஒரு டிக், அல்லி வட்டத்துக்கு ஒரு டிக், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அங்கயே செவப்பு மை நின்னுருச்சு. அதுக்குக் கீழ இருந்த அத்தன பேப்பரும் வெள்ளையா, நாங்க எழுதுனது மட்டும். என்னுது முப்பத்தி ஒண்ணு.

அந்தப் பத்தொம்பதாவது பேப்பர அன்னைக்கு மத்தியானம் வகுப்பு முழுக்க கைமாத்தி கைமாத்திப் பாத்தோம். யாரும் ஒண்ணும் பேசல. கோயில் பிரசாதம் கைமாறற மாதிரி ரெண்டு கையாலயும் வாங்கிக் குடுத்தோம், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

ஏன்னு எனக்கு இன்னைவரைக்கும் தெரியாது. டீச்சரப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீலக் கலர்ல ஒரு காட்டன் சேலை அடிக்கடி கட்டுவாங்க, லேப்ல லிட்மஸ் தாள எங்க கையிலயே குடுத்து நனைக்க விடுவாங்க, சிரிச்சா கைய வச்சு வாய மறைச்சுப்பாங்க. அவ்வளவுதான். பிள்ளைங்களுக்கு டீச்சரப் பத்தி அவ்வளவுதான் தெரியும். மார்ட்டீன் ஏன் செஞ்சாங்கன்னு படம் சொல்லிருந்தா அது பெரியவங்களுக்கான படமா ஆகிருக்கும், கணவன் கூட பிரச்சனையா, மனசு சரியில்லாம இருந்தாங்களான்னு ஒரு ஃபைல் தொறந்து காரணத்த எடுத்து நீட்டிருக்கும். பிள்ளைங்க கையில அந்த ஃபைல் எப்பவும் இருக்காது. நம்ப முடியலன்னு விமர்சகர் சொல்ற அதே எடத்துலதான் சிமோனும் ஆலிஸும் உக்காந்துட்டு இருக்காங்க, அவங்களாலயும் நம்ப முடியல. அதனால இத ஓட்டையாப் பாக்க எனக்குத் தோணல, படமே அந்த ஓட்டையப் பத்தினதுதான்.

காரணம் கிடைக்காத பிள்ளை என்ன பண்ணும்? தானே காரணம்னு வச்சுக்கும். சிமோன் அதத்தான் பண்றான். மார்ட்டீன் டீச்சர் ஒரு தடவை அவன கட்டிப் புடிச்சு ஆறுதல் சொல்லிருக்காங்க, அவனுக்கு அது புடிக்கல, டீச்சர் முத்தம் குடுத்துட்டாங்கன்னு வெளிய சொல்லிட்டான், அது பெரிய பிரச்சனை ஆகிருக்கு. அப்பறம் இப்படி நடந்துருச்சு. ஆலிஸ் அவன மன்னிக்கவே இல்ல. அவன் மார்ட்டீனோட போட்டோவ ஒளிச்சு வச்சுட்டு சுத்தறான், அதுல தேவதை மாதிரி றெக்கை வரைஞ்சிருக்கான், கழுத்துல கயிறும் வரைஞ்சிருக்கான். அந்த ரெண்டையும் ஒரே பேனாவுல வரைஞ்ச கைய நெனச்சுப் பாருங்க. படம் முடியப்போற நேரத்துல வகுப்புலயே ஒடைஞ்சு அழறப்ப அவன் சொல்றது, அன்னைக்கு பால் எடுக்கறது என் முறைன்னு அவங்களுக்குத் தெரியும்ங்கறதுதான். அதாவது நான்தான் மொதல்ல பாக்கணும்னு செஞ்சிருக்காங்க, எனக்காகத்தான் செஞ்சிருக்காங்க. இந்த ஒத்த வரிய எந்த விமர்சனத்துலயாவது பெருசா எழுதிருக்காங்களான்னு நான் படிச்ச வரைக்கும் தேடிட்டேன். நடிப்பு அபாரம்னு சொல்லிட்டுப் போயிடறாங்க.

ஆலிஸ் வேற ரகம். அவ யோசிக்கிற பொண்ணு. அம்மா விமானம் ஓட்டுறவங்க, பாதி நாள் வீட்ல இருக்க மாட்டாங்க. ஸ்கூலப் பத்தி கட்டுரை எழுதச் சொன்னா இந்த ஸ்கூல் அழகா இருக்கும்னு ஆரம்பிச்சு நேரா மார்ட்டீன் கிட்ட வந்துடறா. நாங்க முரட்டுத்தனமா நடந்துக்கிட்டா எங்களுக்கு தண்டனை குடுக்கறீங்க, மார்ட்டீன் டீச்சர் செஞ்சதும் முரட்டுத்தனம்தானே, ஆனா அவங்களுக்கு தண்டனை குடுக்க முடியாது, அவங்கதான் செத்துட்டாங்களேங்கற மாதிரி எழுதறா. வகுப்பே அமைதியாயிருது. பஷீர் இத எல்லாருக்கும் குடுக்கலாம்னு கேக்கறாரு, ஹெட்மிஸ்ட்ரஸ் முடியாதுன்னுடறாங்க. அந்தப் பொண்ணு எழுதுனதுதான் அவங்களுக்கு முரடா தெரியுது. அந்த ரூமுக்கு பெயின்ட் அடிச்ச மாதிரி இதுக்கும் ஒரு கோட்டிங் குடுத்துடலாம்னு பாக்கறாங்க.

இந்த எடத்துலதான் எனக்குப் புரிஞ்சுது, படத்தோட கோவம் செத்துப்போன டீச்சர் மேல. கண்ண மூடிட்டு எல்லாரும் இரக்கப்படற ஒரு ஆள் மேல படம் கோவப்படுது, அதுவும் ஒரு பதினொரு வயசுப் பொண்ணு வாயால. பஷீரும் அதேதான் சொல்றாரு, சிமோன் ஒடைஞ்சு அழற அந்த நாள். வகுப்புங்கறது தன்னோட நிராசைய கொண்டாந்து பிள்ளைங்க மேல எறக்கி வைக்கிற எடம் இல்லங்கறாரு. மனைவியையும் பிள்ளைங்களையும் தீயில குடுத்துட்டு அதப்பத்தி ஒரு வார்த்தைகூட வகுப்புல பேசாத ஒருத்தர் சொல்றாரு. அவரால மட்டும்தான் அத சொல்ல முடியும்னு தோணுச்சு.

ஆனா எனக்கு அதுல முழுசா உடன்பாடு இல்ல, இத மறைக்க விரும்பல. எங்க டீச்சர் மேல எனக்கு கோவம் வந்ததே இல்ல. அந்த மாதிரி ஒரு நெலமையில இருக்கற மனுஷிக்கு எந்த எடம், யாரு பாப்பாங்க, எந்தக் கெழமைன்னு நெனைக்கற அளவுக்கு தெளிவு இருந்திருக்கும்னு எனக்குத் தோணல. பஷீர் சொல்றது பிள்ளைங்களுக்காக. அத மார்ட்டீன் பத்தின தீர்ப்பா எடுத்துக்கிட்டா தப்பாப் போயிரும். படம் அந்த எடத்துல ஒரு நூல் அளவு தடுமாறுதுன்னு நெனைக்கிறேன். அத கவனிச்சு எழுதுன விமர்சனம் கெடச்சா எனக்கு யாராவது அனுப்புங்க.

தொடுறதப் பத்தி ஒரு விஷயம். அந்த ஸ்கூல்ல டீச்சர் பிள்ளைங்கள தொடவே கூடாது. அடிக்கறது மட்டும் இல்ல, கட்டிக்கறது, தோள்ல கை போடறது எதுவும் கூடாது. பி.டி. வாத்தியார் புலம்பறாரு, புடிச்சுக்காம எப்படி ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்குடுக்கறதுன்னு. மேல்நாட்டு விமர்சனங்கள்ல நிறைய பேர் இத புடிச்சுக்கிட்டு, விதிமுறை மனுஷத்தன்மைய கொன்னுருச்சுன்னு எழுதிருக்காங்க. நான் அத இங்க உக்காந்து படிக்கறப்ப அவ்வளவு சுலபமா தலையாட்ட முடியல. நம்ம ஸ்கூல்ல டீச்சர் தொட்டாங்கன்னா அது பெரும்பாலும் பிரம்பு, இல்ல காதத் திருகறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17-வது பிரிவு அடிக்கக் கூடாது, மனசு நோக வைக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லியும் எத்தன ஸ்கூல்ல பிரம்பு அலமாரிக்கு மேல இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இன்னொரு விதமான தொடல் பத்தி 2012-ல போக்சோ சட்டமே வர வேண்டி இருந்துச்சு. அப்படி ஒரு எடத்துல இருந்து பாக்கறப்ப தொடக்கூடாதுங்கற விதிய கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல, அது பிள்ளைங்க பட்ட பாட்டுல இருந்து வந்த விதி. படத்துலயே பாருங்க, சிமோன் பொய் சொன்னானா இல்லையாங்கறது அவ்வளவு நேர் கோடா இல்ல. டீச்சர் ஆறுதலுக்குத்தான் கட்டிக்கிட்டாங்க. அவனுக்கு அது வேணாம்னு பட்டுச்சுங்கறதும் உண்மை. வேணாம்னு சொல்ற உரிமை அவனுக்கு இருக்கு. அந்த உரிமைய பயன்படுத்துனதுக்கு அவன் குடுத்த வெலை இருக்கே, அத யாரும் சரியா பேசல.

அதனாலதான் கடைசி காட்சியில எனக்கு தொண்டை அடைக்கறதும் நடக்குது, ஒரு நெருடலும் இருக்கு. பஷீருக்கு லைசன்ஸ் இல்லங்கறது வெளிய வந்துருது, வேலை போயிருது. ஒரே ஒரு வகுப்பு மட்டும் எடுத்துட்டுப் போறேன்னு கேக்கறாரு. பிள்ளைங்களுக்கு நீதிக்கதை எழுதற பாடம் நடந்துட்டு இருந்துச்சு, அவரும் ஒண்ணு எழுதிட்டு வந்து, தப்பு இருந்தா திருத்துங்கன்னு படிச்சுக் காட்டறாரு. ஒரு மரம், அதுல தொங்கற ஒரு கூட்டுப்புழு, அது ஒரு நாள் பறந்து போயிரும்னு தெரிஞ்சும் அத தாங்கிட்டு நிக்கற மரம், அப்பறம் ஒரு தீ. வகுப்புல அவரு சொந்தக் கதைய சொல்ற ஒரே எடம் அதுதான், பிள்ளைங்களுக்கு அது தெரியாது, அதுங்க எழுத்துப் பிழை பாத்துட்டு இருக்குதுங்க. எல்லாம் முடிஞ்சு ஆலிஸ் வந்து அவர கட்டிக்கறா, அவரும் கட்டிக்கறாரு, படம் முடியுது. விதி மீறின அந்த அணைப்ப கொண்டாடாத விமர்சனமே இல்ல. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு.

ஆனா சிமோன் எங்க? மொதல்ல பாத்தது அவன்தானே? அந்த அணைப்பு அவனுக்கு இல்லையே? மொத தடவை பாத்தப்ப எனக்கு இதுல கோவம் வந்துச்சு, புத்திசாலிப் பொண்ணுக்குத்தான் கடைசியில எல்லாம் கெடைக்குது, முரட்டுப் பையனுக்கு ஒண்ணும் இல்லன்னு. ரெண்டாவது தடவை பாக்கறப்ப, ஒரு பெரியவங்க அணைச்சதுலதானே அவன் கதையே ஆரம்பிச்சுது, அவனுக்கு மறுபடி ஒரு அணைப்ப குடுத்து படத்த முடிக்கறது கொடுமையா இருந்துருக்கும்னு தோணுச்சு. மூணாவது தடவையும் ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்டு இருக்கேன்.

போன வருஷம் ஊர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்டு கிரகப்பிரவேசம். எட்டாவது பி செக்‌ஷன் ஆளுங்க ஏழெட்டு பேரு வந்திருந்தோம், பந்தி முடிஞ்சு மொட்டை மாடியில பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துருந்தோம். அந்தப் பத்தொம்பதாவது பேப்பர்க்காரனும் வந்திருந்தான், இப்ப ஹார்ட்வேர்ஸ் கடை வச்சிருக்கான், ரெண்டு பிள்ளைங்க. பேச்சு டீச்சர் பக்கம் போச்சு, நான் இந்தப் படத்தோட கதைய சொன்னேன். மத்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க, அவன் மட்டும் போகல.

"அந்தப் பையனுக்கு எந்தக் கெழமைன்னு சொன்ன?"

"கெழமைய விடு, பால் எடுக்கறது அவன் முறைன்னு டீச்சருக்குத் தெரியும்னு சொல்லி அழறான்."

கொஞ்ச நேரம் கீழ தெருவையே பாத்துட்டு இருந்தான். அப்பறம், "மகரந்தத்த தப்பா போட்டுருந்தேன்பா நானு"ன்னான். எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. "அந்தப் படத்துல. புல்லி, அல்லி சரியா போட்டேன். மூணாவது தப்பு. டீச்சர் அதுக்கு முந்தின வாரம்தான் எனக்கு மட்டும் தனியா ரெண்டு தடவை வரைஞ்சு காட்டுனாங்க. இவ்வளவு சொல்லியும் தப்பா போட்டுருக்கானேன்னு பேனாவ வச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

"எத்தன நாளு அப்படி நெனச்ச?"

அதுக்கு அவன் பதில் சொல்லல. "அந்தப் பையன்கிட்ட உன் தப்பு இல்லன்னு யாராச்சும் சொன்னாங்களா?"ன்னு கேட்டான்.

"சொன்னாங்க. அந்த வாத்தியாரு சொல்றாரு. வகுப்புல, எல்லாரும் இருக்கறப்ப."

"எல்லாரும் இருக்கறப்பயா?"

"ஆமா."

தலைய ஆட்டிட்டு சேர மடக்கி செவுத்தோரமா சாத்தி வச்சான். படத்தோட பேர இன்னொரு தடவை சொல்லச் சொல்லி போன்ல தமிழ்லயே டைப் பண்ணிக்கிட்டு கீழ எறங்கிப் போனான்.